குத்தகைக்கு வாங்கிய தோட்டம்



மூன்று ஞாயிறாகத் திருச்சபை நம்மைத் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. முதலில், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த நிலக்கிழாரைப் பார்த்தோம். போன ஞாயிறு, தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொன்ன தகப்பனையும் அவருடைய இரண்டு மகன்களையும் பார்த்தோம். இன்று மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் குத்தகைக்காரர்கள் வருகிறார்கள். பழம் கேட்டு வந்தவர்களை அடித்தார்கள், கொன்றார்கள். கடைசியில் உரிமையாளரின் மகனையே கொன்றார்கள். முதல் வாசகத்தில் எசாயா இறைவாக்கினரும் அதே தோட்டத்தில்தான் நின்று அழுகிறார்.

தோட்டத்தைப் பற்றி இந்தப் பீடத்திலிருந்து பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பழத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தென்காசிக் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் குவித்து வைத்து, தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்களே, அந்தத் திராட்சைப் பழத்தைப் பற்றித்தான். கோவிலில் போய் இதையா பேசுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆண்டவர் தம் இரத்தத்தை நமக்குத் தர இந்தப் பழத்தின் இரசத்தைத் தேர்ந்துகொண்டார். அந்தப் பழத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பார்ப்பது தகும்.

எசாயா சொல்கிற விவசாயி என்னவெல்லாம் செய்தார் என்று மறுபடி நினைத்துப் பாருங்கள். கொழுமையான குன்றில் நிலம். அதைக் கொத்திக் கிளறினார். கல்லைப் பொறுக்கினார். நல்ல இனக் கொடியாகப் பார்த்து நட்டார். காவல் மாடம் கட்டினார், ஆலை வெட்டி வைத்தார். இத்தனையும் செய்துவிட்டுக் காத்திருந்தார். இதைப் புரிந்துகொள்ள நாம் பாலஸ்தீனத்துக்குப் போக வேண்டியதில்லை. மலையோரமாகவே வடக்கே போனால் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேல் படரவிட்டிருப்பார்கள். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருந்தால்தான் குலை கைக்கு வரும். இதற்குள் சாம்பல் நோய் வராமல் பார்க்க வேண்டும். பழுக்கும் சமயத்தில் மழை அடித்துப் பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த குலையை வியாபாரி தொட மாட்டார். நான்கு மாத உழைப்பு ஓர் இரவில் போகும். எசாயாவின் அழுகை அந்த விவசாயிகளுக்கு உரை இல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டுக்குத் திராட்சைச் சாகுபடியைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர், 1832இல், என்று சொல்கிறார்கள். திருப்பலிக்கு இரசம் வேண்டுமே என்ற நினைப்பும் அவருக்கு இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. உலகில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறைதான். இராயப்பன்பட்டியை ஒட்டிய ஆனைமலையான்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்மைப்போலவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற குடும்பங்கள் பல அந்தப் பந்தல்களின் கீழ் உழைக்கின்றன. நம் பக்கத்தில், சாரல் அடிக்கிற ஈரத்தில், திராட்சைக்குப் பூஞ்சாணம்தான் பிடிக்கும். குற்றாலம் மலைக்கு ஆண்டவர் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் கொடுத்தார். திராட்சையை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்து, நமக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பழத்தை நாம் எப்போது வாங்குகிறோம்? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் வாங்குகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் பழக்கடை இருப்பது அதனால்தான். அரைக் கிலோ திராட்சை, நாலு ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று. அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஐந்து ரூபாய் பாக்கெட்டில் உப்பும் எண்ணெயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளை காய்ச்சலில் விழுந்த பிறகு பழம் வாங்கிக்கொண்டு ஓடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். படுத்த பிறகு கொடுப்பதை, ஓடியாடித் திரியும்போது கொடுத்தால் என்ன?

இன்றைய நற்செய்தியில் குத்தகைக்காரர்கள் செய்த முதல் பிழை எது? கொலை பிறகு வந்தது. தோட்டம் தங்களுடையது என்று நினைத்தார்களே, பிழை அங்கே தொடங்கியது. கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் பார்த்த ஊர்க்காரர்கள் நீங்கள். குத்தகை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நிலத்தைக் கெடுக்காமல் வைத்திருந்து, உரியவர் கேட்கும் நாளில் கணக்குச் சொல்ல வேண்டும். நம் உடம்பும் அப்படித்தான் நமக்கு வந்தது. கல் பொறுக்கி, வேலி அடைத்து, காவல் வைத்து ஆண்டவர் நட்ட தோட்டம் இது. உங்கள் உடல் தூய ஆவியாரின் கோவில் என்று பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதியதும் இதையே. கோவிலுக்கு வெள்ளையடிக்க வரி கட்டுகிறோம். இந்தக் கோவிலுக்கு?

இனி பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

நூறு கிராம் திராட்சையில் எண்பது கிராம் அளவுக்குத் தண்ணீர். ஏறக்குறைய 70 கலோரி. சர்க்கரை 16 கிராம் பக்கம். பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். பொட்டாசியம் 190 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றவும், இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கவும் பொட்டாசியம் உதவும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பிலேயே வாழ்கிற நமக்கு அது வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே கொஞ்சம் உண்டு. நார்ச்சத்து ஒரு கிராம்கூட முழுதாக இல்லை.

பழத்தின் மேன்மை முக்கியமாக அதன் தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சைக்கு அந்த நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின் தோலில்தான் இருக்கிறது. ரெஸ்வெரட்ரால் என்று பேசுகிறார்களே, அதுவும் தோலில்தான், மிகச் சிறிய அளவில். கொட்டையில் புரோஆந்தோசயனிடின்கள் உண்டு. உடம்பின் உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கவும், இரத்தக் குழாய்கள் விறைத்துப் போகாமல் இருக்கவும் இவை துணை செய்வதாக மருத்துவ அறிவியல் கருதுகிறது. நாம் பன்னீர் திராட்சையை எப்படித் தின்கிறோம்? வாயில் வைத்துப் பிதுக்கி, சதையை மட்டும் விழுங்கி, தோலையும் கொட்டையையும் துப்புகிறோம். அதாவது சர்க்கரையை உள்ளே அனுப்பிவிட்டு, மருந்தைத் திண்ணைக்குக் கீழே போடுகிறோம். தோலோடு மென்று தின்னுங்கள். கொட்டையும் கொஞ்சம் மென்றால் நல்லதுதான், துவர்க்கும், பழகிவிடும்.

சாறு பிழிந்து வடிகட்டினாலும் இதே கதைதான். குற்றாலத்தில் ஐந்தருவியிலும் பேரருவியிலும் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஜூஸ் கேட்பார்கள். கடைக்காரர் திராட்சையை அடித்து, வடிகட்டி, இரண்டு கரண்டி சீனியும் ஐஸும் போட்டுக் கொடுப்பார். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முழுப் பழம் தின்றவர்களிடம், குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் தின்றவர்களிடம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வந்திருந்தது. பழச்சாறு நிறையக் குடித்தவர்களிடம் கூடுதலாக வந்திருந்தது. பழம் ஒன்றுதான், உண்ட விதம் வேறு. இணைச்சட்ட நூலில் ஓர் அழகான சட்டம் இருக்கிறது, 23ஆம் அதிகாரத்தின் கடைசியில். பக்கத்து நிலத்துக்காரரின் திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரப் பறித்துத் தின்னலாம். பாத்திரத்தில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அது அயலானின் உடைமையைக் காக்க வந்த சட்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை வாசிக்கும்போதெல்லாம், பழம் கையிலிருந்து வாய்க்குப் போவதே அதற்கு உரிய வழி என்றும் ஆண்டவர் சொல்வதாக எனக்குத் தோன்றும்.

சர்க்கரை நோயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இந்தக் கோவிலுக்குள் மாத்திரை போடாத பெரியவர்களைத்தான் எண்ணிவிடலாம் போலிருக்கிறது. அவர்களில் பலர் திராட்சையைக் கண்டாலே கையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் மதியம் சோறு மட்டும் மலையாக இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பழம் தின்னலாம் என்றுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்வார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அதன்மேல் தின்னக் கூடாது. சோற்றைக் குறைத்துக்கொண்டு, அல்லது இடைவேளையில் வடைக்குப் பதிலாக. உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். முன்னே சொன்ன பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். உலர் திராட்சையில் தண்ணீர் போய்ச் சர்க்கரை திரண்டு நிற்கிறது, நூறு கிராமில் 300 கலோரி. அதை அள்ளித் தின்ன வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘எங்க அப்பாவுக்குச் சுகர், எங்க அம்மைக்குச் சுகர், எனக்கும் வரத்தானே செய்யும் சாமி’ என்று கையை விரித்துவிடுகிற இளைஞர்கள். போன ஞாயிறு முதல் வாசகம் எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. அந்த அதிகாரம் புளித்த திராட்சையோடுதான் தொடங்குகிறது. தகப்பன்மார் புளிப்புத் தின்றதற்குப் பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று இஸ்ரயேலில் ஒரு பழமொழி வழங்கியது. இனி அந்தப் பழமொழியை யாரும் என் காதில் விழும்படி சொல்லக் கூடாது என்று ஆண்டவர் ஆணையிடுகிறார். எசேக்கியேல் பேசியது பாவத்தின் பொறுப்பைப் பற்றி. நோய் வழிவழியாக வரக்கூடியது என்பதும் உண்மை. ஆனால், வரத்தான் போகிறது என்று எதையும் மாற்றாமல் உட்கார்ந்திருப்பது விசுவாசிக்கு அழகல்ல. நடக்கிறவனுக்கு, எடையைக் காக்கிறவனுக்கு, தட்டில் காயும் பழமும் வைத்துக்கொள்கிறவனுக்கு அந்த நோய் வராமலும் போகலாம், தள்ளியும் வரலாம். தம்பி, உங்கள் அப்பாவின் தோட்டத்தில் விளைந்தது வேறு. உங்களுக்குத் தனிக் குத்தகை.

வேறு சில பேச்சுகளும் நம் வீடுகளில் உண்டு. ‘புள்ளைக்குத் திராட்சை கொடுத்தா சளி பிடிச்சிரும்’ என்பார்கள், அதிலும் சாரல் காலத்தில். சளி வைரஸ் கிருமியால் வருகிறது. கழுவிய பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல் கொடுங்கள், போதும். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுப் பழமாகக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுபோகும். நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். பாட்டிமார் இதைத் தயவுசெய்து மனத்தில் வைக்க வேண்டும். பழத்தின்மேல் மங்கலாக இருக்கிற வெண்பூச்சு பழமே சுரந்துகொள்வது. அதற்குப் பயப்பட வேண்டாம். மருந்து அடித்த மிச்சம் இருக்கலாம் என்பதால் குலையிலிருந்து உதிர்த்து, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தின்னும் நேரத்தில் அலசினால் போதும். வாங்கியதும் கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும்.

திராட்சை இரசம் இதயத்துக்கு நல்லதாமே, பவுலே திமொத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாரே என்று என்னிடம் கேட்கிறவர்கள் ஆண்கள்தான். திமொத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்று நோவு. கொஞ்சம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் மது உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தோலில் இருக்கிற நன்மை வேண்டுமா, தோலோடு பழத்தைத் தின்னுங்கள்.

இனி நம் தாய்மாருக்காகப் பேசுகிறேன்.

இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். வெயிலில் கறுத்துப்போனவள். அவளுடைய சகோதரர்கள் அவளைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் வைத்தார்கள். அவளுக்கென்று இருந்த தோட்டத்தை மட்டும் அவளால் காக்க முடியவில்லை. அந்த ஒரு வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் திண்ணைதோறும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் கண்முன் வருகிறார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால்தான் அன்றைய கூலி. நடுவில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சோறு வடிக்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லாருடைய தோட்டத்தையும் காக்கிறாள். அவள் சாப்பிட உட்காரும்போது சட்டியில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான். பழம் வாங்கினால் அது பிள்ளைக்கு, மிஞ்சினால் வீட்டுக்காரருக்கு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கறுப்புத் திராட்சை தின்றால் இரத்தம் ஊறும் என்று ஊரில் சொல்வார்கள். தாய்மாரே, அது சரியில்லை. நூறு கிராம் திராட்சையில் அரை மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. பழம் தின்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையை ஒதுக்கிவிடாதீர்கள். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், அதன்மேல் புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி, கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கொய்யாவில் அந்த வைட்டமின் இன்னும் பல மடங்கு. திராட்சையில் மிகக் குறைவு. ஆண்டவர் எல்லாவற்றையும் ஒரே பழத்தில் வைக்கவில்லை. பிறகு திராட்சை எதற்கு? நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்க மறந்து, நாலு மணிக்கு வெறும் கடுங்காப்பியில் பசியைத் தணித்துக்கொள்கிறீர்களே, அந்த நேரத்துக்கு. ஒரு கைப்பிடி பழம் தண்ணீரும் தெம்பும் தரும். பிள்ளைக்கு எடுத்து வைத்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அது பேராசை ஆகாது. கையில் தூள் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தின்னுங்கள்.

ஆண்களுக்கு: அந்தக் கிண்ணத்தை நீங்களே கழுவி வைத்துக் கொடுத்தால் இன்றைய மறையுரையைக் கேட்டதாக ஒப்புக்கொள்கிறேன்.

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் இன்னும் ஒன்று சொல்கிறது. திராட்சைக் குலைகளைப் பறித்த பிறகு, விட்டுப்போனவற்றைத் தேடித் திரும்பப் போகக் கூடாது. அவை அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை. பிச்சையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. அது அவர்களுடைய பங்கு என்கிறது சட்டம். பெரிய பணக்காரர்கள் நம் பங்கில் இல்லை. ஆனால் குலை மலிந்து தள்ளுவண்டியில் குவிகிற நாட்கள் ஆண்டில் பலமுறை வருகின்றன. அந்த நாட்களில் இல்லாதவர்களுக்காகக் கால் கிலோ கூடுதலாக வாங்க நம்மில் பலரால் முடியும். விலையைப் பேசிப் பேசிக் குறைத்து, போதாமல் நாலு பழத்தை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களும் நம்மில் உண்டு. அந்த வண்டிக்காரரும், கம்பத்தில் பந்தலுக்குக் கீழே நின்று கழுத்து வலிக்கக் குலை வெட்டிய பெண்ணும் அந்தத் தோட்டத்து வேலையாட்கள்தாம். இரண்டு வாரம் முன்பு கேட்ட உவமையில் நிலக்கிழார் மாலையில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்தார்.

நம் பங்கில் சில காரியங்களை மாற்றலாம் என்று பங்குப்பேரவையோடு பேசியிருக்கிறேன். மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கிரீம் பிஸ்கட்டுக்குப் பதிலாக, அடுத்த ஞாயிறு முதல் அந்தந்தக் காலத்தில் மலிவாக வருகிற பழம். திராட்சை, கொய்யா, நாவல், எது கிடைக்கிறதோ அது. உதிர்த்துக் கழுவுகிற பொறுப்பு இளையோர் இயக்கத்துக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுக்கிற பொறுப்பு மரியாயின் சேனைக்கு. வின்சென்ட் தே பால் சபையினர் மாதந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற அரிசி, பருப்பு, சீனியில், சீனியைப் பாதியாகக் குறைத்து அந்தப் பணத்துக்குப் பழம் சேர்க்க இசைந்திருக்கிறார்கள். திருவிழா அசனத்தில் கேசரியை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், அதனால் கேசரி இருக்கட்டும். இலை ஓரத்தில் பத்துத் திராட்சையும் வைப்போம். இதற்குப் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் பூசை முடிந்ததும் சபைத் தலைவரைப் பாருங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.